‘பெண் என்றால் யார்?’ - பிரிட்டன் தேர்தல்களில் பெண்களின் ஓட்டை இந்தக் கேள்வி எந்த அளவுக்கு மாற்றுகிறது?

பிரிட்டனில் கடந்த சில ஆண்டுகளாக, பேட்டி கொடுக்க உட்காரும் அரசியல் தலைவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. ‘பெண் என்றால் யார்?’

பள்ளிக்கூடப் பிள்ளைகூட பதில் சொல்லிவிடும் கேள்வி போலத்தான் தெரியும். ஆனால், பழுத்த அரசியல்வாதிகளே இதில் தடுமாறியிருக்கிறார்கள். இப்போதைய ஆளுங்கட்சியான தொழிலாளர் கட்சியின் தலைவர் கியர் ஸ்டார்மரையே எடுத்துக்கொள்வோம். பெண்ணுக்கு மட்டுமே கருப்பைவாய் உண்டு என்று சொல்வது சரியல்ல என்றார் 2021-ல். வயதுவந்த பெண்தான் பெண், திருநங்கைகளும் பெண்களே என்றார் 2022-ல். பெண்களில் 99.9 சதவீதம் பேருக்கு ஆணுறுப்பு கிடையாது என்றார் 2023-ல். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, 2025 ஏப்ரலில், பெண் என்றால் வயதுவந்த பெண்தான் என்றார். நான்கு ஆண்டுகளில் நான்கு பதில்கள்.

ஒரு தலைவர் இவ்வளவு தூரம் நகர்ந்து வருகிறார் என்றால், அதற்குப் பின்னால் ஓட்டுக் கணக்கு இருக்கத்தானே வேண்டும்? பெண் வாக்காளர்கள் இந்த விஷயத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போடுகிறார்களா? இரண்டு தேர்தல் முடிவுகளையும் ஒரு தீர்ப்பையும் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழில் உடல் சார்ந்த பாலையும், ஒருவர் தன்னை உணரும் பாலின அடையாளத்தையும் பெரும்பாலும் ‘பாலினம்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். பிரிட்டனில் சண்டையே இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே போடுவது என்பதில்தான்.

2004-ல் வந்த பாலின அங்கீகாரச் சட்டம், திருநர்கள் சட்டப்படி தங்கள் பாலினத்தை மாற்றிக்கொள்ள வழி செய்தது. வயது 18 ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். விரும்பிய பாலினத்தில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்ததற்கு ஆதாரம் வேண்டும். ஒரு குழு அதைப் பரிசீலித்துச் சான்றிதழ் தரும். இருபது ஆண்டுகளில் இந்தச் சான்றிதழைப் பெற்றவர்கள் சுமார் 8,500 பேர்தான்.

அடுத்து, 2010-ன் சமத்துவச் சட்டம். பால், பாலின மாற்றம் ஆகிய இரண்டின் பேரிலும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அது. அதே சமயம், தேவைப்படும் இடங்களில் பெண்களுக்கு மட்டுமான சேவைகளை நடத்தவும் அனுமதிக்கிறது. அப்படியானால், சான்றிதழ் பெற்ற திருநங்கை அந்தச் சட்டத்தில் ‘பெண்’ஆ, இல்லையா? 2010-ல் யாரும் இதைப் பெரிதாக யோசிக்கவில்லை. பின்னால் வந்த எல்லாத் தகராறும் இந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது.

ஸ்காட்லாந்தில் என்ன நடந்தது?

2022 டிசம்பரில் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒரு மசோதாவை 86-க்கு 39 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. மருத்துவச் சான்று வேண்டாம். சுய அறிவிப்பே போதும். வயது 18-லிருந்து 16 ஆகக் குறையும். இரண்டு ஆண்டுகள் என்பது வயதுவந்தவர்களுக்கு மூன்று மாதங்களாகச் சுருங்கும். இதுதான் சாரம். முதல்வர் நிக்கோலா ஸ்டர்ஜன் இதைத் தன் அரசின் முக்கியமான சீர்திருத்தமாக முன்னிறுத்தினார்.

லண்டனிலிருந்த கன்சர்வேட்டிவ் அரசு 2023 ஜனவரியில் இதைத் தடுத்தது. ஸ்காட்லாந்துக்கு அதிகாரம் பகிர்ந்தளித்த 1998-ம் ஆண்டுச் சட்டத்தின் 35-வது பிரிவு பயன்படுத்தப்பட்டது அதுவே முதல் முறை.

அதே மாதம் இன்னொரு செய்தி வந்தது. இரண்டு பெண்களை வல்லுறவு செய்ததாகக் குற்றம் நிரூபிக்கப்பட்ட ஒருவர், கைதுக்குப் பிறகு திருநங்கையாக அடையாளப்படுத்திக்கொண்டவர், முதலில் பெண்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார். கடும் எதிர்ப்புக்குப் பிறகு ஆண்கள் சிறைக்கு மாற்றப்பட்டார். புதிய மசோதா அப்போது நடைமுறைக்கே வரவில்லை. அதற்கும் இந்தச் சம்பவத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால், மசோதாவில் இருந்த சட்ட வாசகங்கள் புரியாதவர்களுக்குக்கூட இந்தச் சம்பவம் புரிந்தது. பிப்ரவரியில் ஸ்டர்ஜன் பதவி விலகினார். இதுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. இதனால் ஏற்பட்ட சேதத்தை யாரும் மறுக்கவும் இல்லை.

சரி, ஓட்டு எங்கே போனது?

2024 ஜூலை பொதுத் தேர்தலில் ஸ்டர்ஜனின் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 48 இடங்களிலிருந்து 9-க்குச் சரிந்தது. ‘பெண்கள் பாடம் புகட்டிவிட்டார்கள்’ என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். ஆனால், அந்த இடங்களில் பெரும்பாலானவற்றை அள்ளிய கட்சி எது? தொழிலாளர் கட்சி. 2022-ல் அதே மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட கட்சி! மசோதாவைத் தடுத்து நிறுத்திய கன்சர்வேட்டிவ் கட்சிக்கோ ஸ்காட்லாந்தில் கிடைத்தது ஐந்தே இடங்கள்.

நாடு முழுவதும் பார்த்தாலும் இதே கதைதான். ‘சமத்துவச் சட்டத்தில் பால் என்றால் உடல் சார்ந்த பால்தான் என்று தெளிவுபடுத்துவோம்’ என்று தேர்தல் அறிக்கையில் எழுதியது கன்சர்வேட்டிவ் கட்சி. கருத்துக்கணிப்புகளில் மக்கள் அந்தத் திசையில்தான் நகர்ந்துகொண்டிருந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் பாலை மாற்றிக்கொள்ள அனுமதிக்கலாம் என்று சொன்னவர்கள், பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வின்படி, 2019-ல் 53 சதவீதம். 2023-ல் 24 சதவீதம். இவ்வளவு சாதகமான காற்று அடித்தும் அந்தக் கட்சி 121 இடங்களோடு தன் வரலாற்றிலேயே மோசமான தோல்வியைச் சந்தித்தது.

இந்தப் பிரச்சினையை மட்டுமே முன்வைத்து நின்ற ‘பெண்கள் கட்சி’ என்ன ஆனது? அதன் தலைவர் பிரிஸ்டல் சென்ட்ரல் தொகுதியில் வாங்கிய ஓட்டு 200-ஐத் தொடவில்லை. அந்தத் தொகுதியில் வென்றது பசுமைக் கட்சி. சுய அறிவிப்பை வெளிப்படையாக ஆதரிக்கும் கட்சி அது. தோற்றவர் தொழிலாளர் கட்சியின் தங்கம் டெபனேர், தமிழ் வேர் கொண்டவர். அங்கே காசா போர், பருவநிலை மாற்றம் ஆகியவைதான் பெரிதாகப் பேசப்பட்டன.

அப்படின்னா, பெண்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது.

கருத்து வேறு, முன்னுரிமை வேறு

ஒரு விஷயத்தில் உறுதியான கருத்து வைத்திருப்பது ஒன்று. அதை வைத்து ஓட்டை முடிவு செய்வது இன்னொன்று. 2024 தேர்தலுக்கு முன்பு வாக்காளர்களிடம் ‘நாட்டின் பெரிய பிரச்சினை எது?’ என்று கேட்டபோது முன்வரிசையில் வந்தவை பொருளாதாரம், மருத்துவம், குடியேற்றம். மின்கட்டணம் ஏறியிருக்கிறது, அறுவை சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, பிள்ளையைப் பகல்நேரக் காப்பகத்தில் விட்டால் சம்பளத்தில் பாதி போய்விடுகிறது. இந்தக் கணக்கைத்தான் பெரும்பாலான பெண்கள் முதலில் போடுகிறார்கள். பாலின அடையாளக் கொள்கை அதற்குப் பிறகுதான் வருகிறது.

இன்னொன்றும் பலர் எதிர்பார்க்காதது. இந்த விவாதத்தில் ‘பெண்கள் எதிர், திருநங்கைகள்’ என்றே தலைப்புகள் வந்தாலும், கருத்துக்கணிப்புகளில் திருநர்களுக்குக் கூடுதல் ஆதரவு காட்டுபவர்கள் ஆண்களைவிடப் பெண்கள்தான். அதிலும் இளம்பெண்கள் இன்னும் அதிகம். பெண்களுக்குள்ளேயே தாய்க்கும் மகளுக்கும் இதில் ஒத்துப்போகாத வீடுகள் நிறைய.

இடத்துக்கு இடம் மாறும் பதில்

பொதுவாகக் கேட்டால் பலரும் ‘அவரவர் விருப்பப்படி வாழட்டும், நமக்கென்ன?’ என்கிறார்கள். குறிப்பிட்ட இடத்தைச் சொல்லிக் கேட்டால் பதில் மாறுகிறது. பெயரை, அழைக்கும் சொல்லை மாற்றிக்கொள்வதில் ஆட்சேபம் குறைவு. பெண்கள் விளையாட்டில் திருநங்கைகள் போட்டியிடுவது என்றால் எதிர்ப்பு மிக அதிகம். கழிப்பறை, உடை மாற்றும் அறை ஆகியவை இரண்டுக்கும் நடுவில் வருகின்றன. அங்கே அறுவை சிகிச்சை செய்துகொண்டவரா, இல்லையா என்பதைப் பொறுத்தும் பதில் வேறுபடுகிறது.

இது முரண்பாடு போலத் தெரியலாம். உண்மையில் பெண்கள் எடை போடும் விதமே இதுதான். வல்லுறவுக்கு ஆளான ஒரு பெண், ஆலோசனை மையத்தில் தன் எதிரே உட்காருபவர் பிறப்பால் பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார். அவருக்கு அது வெறுப்பு அரசியல் அல்ல. தூங்க முடியாத இரவுகளின் கோரிக்கை. எடின்பரோவில் பெண்களுக்கு மட்டுமான ஆதரவு மையம் ஒன்றை எழுத்தாளர் ஜே.கே. ரௌலிங் 2022-ல் தொடங்கியது இந்தத் தேவையைச் சுட்டிக்காட்டித்தான்.

மறுபக்கமும் அவ்வளவு உண்மை. இருபது ஆண்டுகளாகப் பெண்ணாகவே வேலை பார்த்து, வரி கட்டி வாழும் ஒரு திருநங்கை, அலுவலகத்தில் எந்தக் கழிப்பறைக்குப் போவது என்று இப்போது தெரியாமல் நிற்கிறார். அவருடைய அம்மாவும் அக்காவும் தோழியும் பெண் வாக்காளர்கள்தான். இந்தக் கொள்கையை அவர்கள் எடை போடும் தராசு வேறு. திருநர்களுக்கு எதிரான பேச்சை, நாளைக்குக் கருக்கலைப்பு உரிமைவரை வந்து நிற்கக்கூடிய பின்னடைவின் முதல் படியாகப் பார்க்கும் இளம்பெண்களும் உண்டு.

ஓட்டை மாற்றும் அந்தச் சிலர்

இந்த விஷயத்துக்காகவே கட்சி மாறுபவர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால், அவர்கள் யார் என்பதுதான் முக்கியம். இருபது, முப்பது ஆண்டுகள் தொழிலாளர் கட்சிக்காகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தவர்கள், தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள், பெண்கள் காப்பகம் நடத்தியவர்கள் அவர்களில் அடக்கம். இவர்களால் சுலபமாகக் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போய்விட முடியாது. அந்தக் கட்சியின் நிதிக் குறைப்பில் காப்பகங்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும். ‘எங்களுக்குப் போக வீடில்லை’ என்பதுதான் அவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் வார்த்தை. 2024 தேர்தலுக்கு முன் ரௌலிங்கும் தொழிலாளர் கட்சிக்கு ஓட்டுப் போடுவது கடினம் என்று எழுதினார்.

சிலர் ஓட்டுச்சீட்டைச் செல்லாததாக்கினார்கள். சிலர் கட்சியை விட்டுவிட்டு வேட்பாளரைப் பார்த்தார்கள். 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது, வாசலுக்கு வந்து ஓட்டுக் கேட்பவரிடம் ‘பெண் என்றால் யார்?’ என்று கேளுங்கள் என ஒரு பிரச்சாரமே நடந்தது. கேன்டர்பரியில் இந்த விஷயத்தில் கட்சித் தலைமையோடு வெளிப்படையாக மோதிய ரோஸி டஃபீல்டு, 2024-ல் முன்பைவிடக் கூடுதல் வித்தியாசத்தில் வென்றார். அது அவருக்கான ஓட்டா, கட்சிக்கு அடித்த அலையா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

இவர்களின் செல்வாக்கு வாக்குச்சாவடியைவிடக் கட்சிக்குள்ளேயே அதிகம் தெரிந்தது. சுய அறிவிப்பு முறையைக் கொண்டுவருவோம் என்று சொல்லிவந்த தொழிலாளர் கட்சி, 2023 ஜூலையில் மருத்துவச் சான்று தொடரும் என்று பின்வாங்கியது. ஸ்காட்லாந்தில் மசோதாவுக்கு ஓட்டுப் போட்ட அக்கட்சியின் தலைவர் அனஸ் சர்வார், இன்று தெரிந்தது அன்று தெரிந்திருந்தால் ஆதரித்திருக்க மாட்டேன் என்று 2025-ல் சொன்னார்.

இன்னும் நிறையப் பெண்களுக்கு இந்தக் கேள்வி நேர்மையைச் சோதிக்கும் உரைகல்லாக இருந்தது. ‘இவ்வளவு நேரடியான கேள்விக்கே சுற்றி வளைக்கிறாரே, வரி விஷயத்தில் மட்டும் உண்மையைச் சொல்வாரா?’ என்ற சந்தேகம் அது. கொள்கையில் ஆர்வமே இல்லாதவர்களையும் இந்தச் சந்தேகம் தொட்டது. தலைவர்களின் தடுமாற்றம் அவர்களின் நிலைப்பாட்டைவிடப் பெரிய பிரச்சினை ஆனது இப்படித்தான்.

தீர்ப்புக்குப் பிறகு?

2025 ஏப்ரல் 16 அன்று, ‘ஃபார் விமன் ஸ்காட்லாந்து’ என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’, ‘பால்’ ஆகிய சொற்கள் உடல் சார்ந்த பாலையே குறிக்கும் என்றது தீர்ப்பு. இதை ஒரு தரப்பின் வெற்றியாகவோ இன்னொரு தரப்பின் தோல்வியாகவோ பார்க்க வேண்டாம் என்றும், பாகுபாட்டுக்கு எதிராகத் திருநர்களுக்கு உள்ள பாதுகாப்பு தொடர்கிறது என்றும் நீதிபதி ஹாட்ஜ் சொன்னார். நீதிமன்ற வாசலில் சில பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். மூன்று நாள் கழித்து லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் தீர்ப்பை எதிர்த்து ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்திலும் பெண்கள் இருந்தார்கள்.

தீர்ப்பால் பெரிய கட்சிகளுக்கு ஒரு வசதி கிடைத்தது. ‘நீதிமன்றம் சொல்லிவிட்டது’ என்று கையைக் காட்டிவிடலாம். ஆனால், நீதிமன்றம் அர்த்தத்தைத்தான் சொல்லியிருக்கிறது. மருத்துவமனை வார்டை எப்படிப் பிரிப்பது, சின்ன அலுவலகத்தில் மூன்றாவது கழிப்பறைக்குப் பணம் யார் தருவது, திருநங்கை பாதுகாப்பாக எங்கே போவது என்பதையெல்லாம் அரசும் உள்ளாட்சிகளும்தான் முடிவு செய்ய வேண்டும். இனி ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் பெண்கள் கேட்கப்போவது ‘பெண் என்றால் யார்?’ என்பதாக இருக்காது. ‘சரி, இப்போது என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்பதாக இருக்கும்.

முதல் கேள்விக்குத் தலைவர்கள் நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு அவகாசம் கிடைக்காது. காரணம், காப்பகத்தின் கதவைத் தட்டுகிற பெண்ணும், கழிப்பறை வாசலில் தயங்கி நிற்கும் திருநங்கையும் இன்றைக்கே பதில் எதிர்பார்க்கிறார்கள்.