பழவேற்காட்டு ஏரியும் வரப்போரப் பனையும்

பழவேற்காட்டு ஏரியில் ஆழமில்லாத இடங்களில் உட்கார்ந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கும் பெண்கள் பல்லில் ஒரு சிறு ஓலைப்பையைக் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அதற்குப் பறி என்று பெயர். இரண்டு கையும் சேற்றுக்குள் வேலையாக இருக்கும்போது பிடித்த இறாலைப் போட இதைவிட வசதியான சாமான் இன்றுவரை வரவில்லை. தண்ணீர் வடிந்துவிடும், எடை இல்லை, பல்லுக்கு வலியும் இல்லை. ஏரிக்கரை வீடுகளில் பிளாஸ்டிக் இடம் பிடிக்காத சாமான் இந்தப் பறி ஒன்றுதான் என்றே சொல்லலாம். குடம், பக்கெட், முறம், சல்லடை, பாய், துடைப்பம் என்று மற்றவை எல்லாவற்றிலும் அது புகுந்துவிட்டது.

ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும், தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. பரப்பு பெரிதே தவிர ஆழம் குறைவு. சராசரியாக ஒரு மீட்டர்தான் தேறும். முகத்துவாரம் அடிக்கடி மணலால் தூர்ந்துவிடுகிறது. எனவே உள்ளே வரும் குப்பை எல்லாம் கடலுக்குப் போய்விடுவதில்லை. அது சேற்றிலேயே தங்கி, வலையில்தான் மாட்டுகிறது.

இங்கே பாடு என்றொரு பழைய முறை உண்டு. எந்த நாளில், எந்த இடத்தில், எந்தக் குடும்பம் வலை போடுவது என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. நல்ல மீன்படும் இடம் எல்லாருக்கும் சுற்றி வரவேண்டும் என்பதே நோக்கம். முறை கிடைத்த நாளில் வலை நிறையக் கவரும் சாஷே உறையும் வந்தால், அன்றைய பாடு வீணானதுதான். அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வயலில் நடவு நாளன்று வாய்க்கால் அடைத்துக்கொண்டால் என்ன நிலையோ, அதே நிலை.

அந்தக் குப்பை எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு ஏரிக்கரை ஊர்களுடையது. ஆனால் ஆரணியாறு இந்த ஏரியில்தான் வந்து விழுகிறது. பக்கிங்ஹாம் கால்வாயும் இதன் வழியாகவே செல்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பொன்னேரி வட்டாரத்து நெல்வயல்களின் வடிகால் தண்ணீர் எங்கே போகிறது என்று யோசித்தால் மீதிப் பங்கும் விளங்கிவிடும். வரப்பில் எறிந்த விதை உறை, கிழிந்த உரச்சாக்கு, மருந்து டப்பா, களையெடுக்க வந்தவர்களுக்கு டீ வாங்கி வந்த கவர் ஆகிய எல்லாம் ஒரே மழையில் பயணம் கிளம்பிவிடுகின்றன. மீனவர் குறையை மீனவரே தீர்த்துக்கொள்ளட்டும் என்று மேல்மடை விவசாயி இருந்துவிட முடியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு 2018 ஜூன் 5 அன்று தடை அறிவித்தது. 14 வகைப் பொருட்கள் மீதான அந்தத் தடை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்குமான தடையும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் மீன் வாங்கப் போகிறவர் வெறுங்கையை வீசிக்கொண்டு போவதும், கறுப்புக் கவரில் மீனோடு திரும்புவதும் நிற்கவில்லை. கவரைத் தடை செய்தால் மட்டும் போதாது, கவருக்குப் பதிலாகக் கையில் எடுத்துப் போக ஒன்று வேண்டும். அந்த ஒன்றை யார் செய்கிறார்கள், எதைக்கொண்டு செய்கிறார்கள் என்பதில்தான் விவசாயிக்கு வேலை இருக்கிறது.

அதற்குமுன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுவது நல்லது. பழைய காலத்துக்கே திரும்பிவிட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வலை இழுத்தவர்களாக இருக்க மாட்டார்கள். பருத்தி நூல் வலையை மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்து, ஒவ்வொரு நாளும் உலர்த்தி, அப்படியும் மட்கிப் போவதைப் பார்த்துத்தான் மீனவர்கள் நைலானுக்கு மாறினார்கள். பல ஆண்டு உழைக்கும் தண்ணீர்க் குடமும் ஐஸ் பெட்டியும் இருந்துவிட்டுப் போகட்டும். வலை கிழிந்தால் ஏரியில் விடாமல் கரைக்குக் கொண்டுவந்தால் போதும். தொல்லை தருவது அரை மணி நேரம் உபயோகித்துவிட்டுத் தூர எறியும் சாமான்தான்.

அவற்றுள் முதலிடம் சாஷேக்கு. இது தமிழ்நாட்டிலேயே பிறந்த சரக்கு என்பது பலருக்குத் தெரியாது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன்தான், பெரிய பாட்டில் வாங்க வசதியில்லாத ஏழையும் வாங்கட்டும் என்று ஷாம்பு போன்றவற்றைச் சிறு உறைகளில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். நல்ல எண்ணம்தான். அன்றாடம் மீன்பாடு பார்த்து, அன்றாடம் காசு பார்க்கும் குடும்பம் அன்றாடத் தேவைக்குத்தான் வாங்கும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த உறை பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது. அதைப் பிரித்து உருக்க முடியாது, எடையும் இல்லை. ஆகவே பழைய சாமான் வாங்குகிறவர் பாட்டிலை வாங்குவார், சாஷேயைத் தொடமாட்டார். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடற்கரைகளிலும் இதே கதைதான்.

மாற்று என்ன? மண்ணெண்ணெயையும் நல்லெண்ணெயையும் ஒரு காலத்தில் எப்படி வாங்கினோமோ, அப்படித்தான். கடையில் ஒரு கேன், வாங்க வருபவர் கையில் ஒரு பாட்டில், நடுவில் ஓர் அளவைக் குவளை. ஊருக்கு ஒரு மகளிர் சுயஉதவிக் குழு இதை எடுத்து நடத்தலாம். சீயக்காய்த் தூளையும் இப்படி அளந்து விற்கலாம். வேலியில் பீர்க்கு ஏற்றியிருப்பவர் முற்றிய காயைக் கொடியிலேயே காயவிட்டால், உடம்பு தேய்க்க நார் கிடைக்கும். பாத்திரம் துலக்கத் தேங்காய் நார் இருக்கவே இருக்கிறது. பல் விளக்க வேப்பங்குச்சிதான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். பல் மருத்துவர் பிரஷ் என்றால் பிரஷ்ஷே இருக்கட்டும். ஏரி பாழாவது மாதக் கணக்கில் உழைக்கும் பிரஷ்ஷால் அல்ல.

பை, கூடை, பெட்டி விஷயத்துக்கு வந்தால், பழவேற்காட்டிலேயே விடை இருக்கிறது. இவ்வூர் முஸ்லிம் பெண்கள் பல தலைமுறைகளாகப் பனையோலை முடைகிறவர்கள். குருத்தோலையைக் காயவைத்து, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் போட்டெடுத்து, மூடியோடு கூடிய பெட்டிகளும் பைகளும் பின்னுகிறார்கள். வேலைப்பாடு நேர்த்தியானது. ஆனால் அது பெரும்பாலும் பட்டணத்து வரவேற்பறைக்கும் பரிசுப் பொருளுக்கும் போகிறது. பக்கத்துத் தெருவில் இருப்பவர் வெங்காயம் வாங்கப் பிளாஸ்டிக் கவர் கொண்டுபோகிறார். சாயமும் பூவேலையும் இல்லாத, விலை குறைந்த கடைப்பை ஒன்றை இவர்கள் பின்னி, சுற்றுவட்டாரச் சந்தைகளில் விற்க வழி செய்தால் ஊருக்கும் நல்லது, முடைகிறவருக்கும் ஆண்டு முழுவதும் வேலை. செட்டிநாட்டுக் கொட்டான் மறைந்துபோகும் நிலையிலிருந்து மீட்கப்பட்டு, 2013-ல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அந்த மதிப்பு பழவேற்காட்டு ஓலைக்கும் தகும்.

இதில் பெரிய தடை ஓலைதான். முடைய ஆள் இருந்தும் ஓலை இல்லை என்றால் தொழில் நிற்காது. செங்கல் சூளைக்கு விறகாகப் பனையை வெட்டிக் கொடுத்த விவசாயிகள் எத்தனை பேர்! கைக்கு வந்தது ஒருமுறைக் காசு, போனது இரண்டு தலைமுறை மரம். 2021 ஆகஸ்டில் வைக்கப்பட்ட தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தது. இலங்கையில் 1978-லேயே பனை அபிவிருத்திச் சபை ஏற்பட்டது. இங்கே விழிப்பு பிந்தித்தான் வந்திருக்கிறது.

பனை ஏறக்குறைய மாதம் ஓர் ஓலை விடும். முடைவதற்கு உதவுவது விரியாத குருத்து மட்டுமே. முற்றிய ஓலை கூரைக்கும் வேலிக்கும் ஆகும். அடுத்தடுத்து வரும் குருத்துகளை வெட்டினால் மரம் சோர்ந்துவிடும், ஒன்று விட்டு ஒன்று எடுப்பதே முறை. மரமேற ஆள் இல்லை என்பவர்களுக்கு வடலி கைகொடுக்கும். நின்ற இடத்திலிருந்தே அரிவாளால் குருத்தை எடுத்துவிடலாம். காய்க்கப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும் மரத்தை நட்டு யார் காத்திருப்பது என்று கேட்பவர்கள், அதற்கு வெகுநாள் முன்பே ஓலை கிடைக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நடவுக்குப் பெரிய செலவில்லை. ஆவணி, புரட்டாசியில் பழுத்து விழும் பனங்கொட்டையை எடுத்து, மழைக்கு முன் வரப்போரத்திலும் ஏரிக்கரையிலும் பத்தடிக்கு ஒன்றாக அரையடிக் குழியில் போட்டு மூடினால் போதும். கன்றைப் பிடுங்கி நடுவது பலன் தராது, வேர் முதலில் ஆழத்துக்கு இறங்கிவிடுவதால் அறுந்துபோகும். முதல் இரண்டு ஆண்டு ஆடுமாடு மிதிக்காமலும், தரிசுக்குத் தீ வைக்கும்போது கருகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓலை விற்க நினைப்பவர்கள் வெட்டியவுடன் பச்சையாகக் கட்டிப்போடக் கூடாது. உள்ளே பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும், முடைகிறவர் வாங்கமாட்டார். குருத்தைப் பிரித்து, மழை படாமல் நன்றாக வெயிலில் வெளுக்கக் காயவைத்த பிறகே கட்ட வேண்டும். கட்டு அனுப்பும் முன் முடைகிறவர்களிடம் எந்த நீளம், எந்த அகலம் வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. பறிக்கு வேண்டிய ஓலை வேறு, பெட்டிக்கு வேண்டிய ஓலை வேறு.