கமலா படித்தது சாதிக் கல்லூரியா?



நேற்று நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "கமலா ஹாரிஸ் படித்த ஹோவர்ட் பல்கலைக்கழகம் கறுப்பர்களுடையதாமே! வெள்ளைக்காரன் பிரித்து வைத்தால் தப்பு, இவர்கள் தனியாக வைத்தால் சரியா? நம்மூர் சாதிச் சங்கக் கல்லூரிதானே இதுவும்?" பதினேழு பேர் கைதட்டியிருந்தீர்கள். அதில் நான்கு பேர் என்னிடம் வரலாறு படித்தவர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

அடிமை முறை ஒழிந்த இரண்டே ஆண்டில், 1867இல், வாஷிங்டனில் தொடங்கியது ஹோவர்ட். அது எந்த இனத்துக்கும் கதவைச் சாத்தவில்லை. முதலில் சேர்ந்தவர்களில் நிறுவனர்களின் மகள்களான வெள்ளைக்காரப் பெண்களும் உண்டு. கதவைச் சாத்தியது எதிர்த்தரப்பு. 1930இல் தர்குட் மார்ஷல் சட்டம் படிக்க விரும்பினார். சொந்த ஊரான பால்டிமோரிலேயே மேரிலாந்து சட்டக் கல்லூரி இருந்தது, கறுப்பர்களுக்கு இடமில்லை. தினமும் ரயிலேறி ஹோவர்டுக்குப் போனார். கட்டணத்துக்கு அம்மாவின் கல்யாண மோதிரம் அடகுக்குப் போனது. (நம் வீடுகளில் வளையல் போகும்.)

அங்கே சார்லஸ் ஹூஸ்டன் என்றொரு வாத்தியார். ஹார்வர்டில் படித்தவர், மகா கண்டிப்பு. மாலை வகுப்பாக நடந்த சட்டப் பள்ளியை முழுநேரப் பள்ளியாக்கினார். 1933இல் முதல் மாணவனாகத் தேறிய மார்ஷலைச் சேர்த்துக்கொண்டு, அதே மேரிலாந்து கல்லூரிக்கு எதிராக ஒரு கறுப்பு மாணவருக்காக வழக்காடினார். 1936இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954 தீர்ப்பும் மார்ஷல் வாதாடி வந்ததுதான். ஹூஸ்டன் அதைப் பார்க்கவில்லை, 1950இலேயே போய்விட்டார்.

பிரிவினையை உடைத்தவர்களை வளர்த்த இடத்தைப் பார்த்தா பிரிவினை என்கிறீர்கள்? ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால், ஆல்காட் 1894இல் சென்னையில் தொடங்கிய பஞ்சமர் பள்ளியோடு ஒப்பிடுங்கள். அதைச் சாதிப் பள்ளி என்பீர்களா?

"அப்போது சரி, இப்போது எதற்கு?" என்று அடுத்துக் கேட்பீர்கள். 1980களில் கமலாவுக்கு வேறு கதவுகளும் திறந்தே இருந்தன. மார்ஷல் படித்த இடம் என்பதாலும்தான் ஹோவர்டைத் தேர்ந்தார். துளசேந்திரபுரத்தில் அவருக்குப் பேனர் கட்டிய படத்தை எத்தனை முறை பகிர்ந்தீர்கள்! தாத்தா ஊர் மட்டும் வேண்டும், படித்த இடம் கேலிக்கா?

தம்பி, பதிலைக் குழுவிலேயே போடுங்கள். தனிச்செய்தி வேண்டாம்.