பாலத்தைப் பேசினார்கள், கடலை மறந்தார்கள்!

சேது சமுத்திரக் கால்வாய் என்றதும் 2007-ல் நாடே கேட்டது: அது ராமர் கட்டிய பாலமா, வெறும் மணல்திட்டா? கடலையும் மீனவனையும் பற்றிக் கேட்டவர் எத்தனை பேர்?

தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். முத்துச்சிப்பியும் பவளப்பாறையும் கடற்பசுவும் வாழும் கடல். 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்ததும் அரசுதான். பவளத்தை வெட்டி எடுத்ததில் இரண்டு தீவுகள் மூழ்கியே போயின. கடலடியைத் தோண்டிக் கிளம்பும் சேறு படிந்தால் மிச்சப் பவளமும் மூச்சடைத்துச் சாகும். ஆனால் 2023 ஜனவரியில், கால்வாய்த் திட்டத்தை நிறைவேற்றச் சொல்லிச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது!

கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டவும் 'வளர்ச்சி' என்றுதான் வந்தார்கள். பறவையியல் அறிஞர் சாலிம் அலி எதிர்த்தார், மக்கள் எதிர்த்தார்கள். அணை கைவிடப்பட்டது, 1984-ல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது. கேரளம் இருண்டா போய்விட்டது?

ஆட்சியாளர்களே! காட்டுக்கு ஒரு நீதி, கடலுக்கு ஒரு நீதியா?