வெள்ளோட்டம் யாருக்கு?

இலக்கியம் பேசுகிற இடத்தில் காருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும். ஒரு மனிதன் இன்னொரு மனிதனை எதைக் கொண்டு அளக்கிறான் என்னும் கேள்வி புறநானூற்றுக்கு உரியதென்றால், சென்னையில் ஸ்போர்ட்ஸ் கார் விற்கும் கண்ணாடி மாளிகைக்கும் அது உரியதே. அங்கே அந்த அளவை நாள்தோறும் நடக்கிறது. அதற்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் டெஸ்ட் டிரைவ்.

தமிழில் இதற்கு அருமையான சொல் ஒன்று இருக்கிறது: வெள்ளோட்டம். புதுத்தேர் செய்து முடித்தபின், சாமியை எழுந்தருளச் செய்யுமுன், வெறுந்தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சு தாங்குகிறதா, முடுக்கில் சக்கரம் திரும்புகிறதா என்று தச்சர் கூடவே நடந்து பார்ப்பார். வடத்தைப் பிடிப்பது ஊர். அந்த ஊர் என்பதற்குள் யார் யார் அடக்கம் என்பதில்தான் நம் பழைய வழக்குகள் எல்லாம். சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் வடம் தொடும் உரிமைக்காகத் தலித் மக்கள் 1990-களின் இறுதியிலிருந்து போராட வேண்டியிருந்தது. ஆண்டுக்கணக்கில் ஓடாமல் நின்ற அந்தத் தேர், நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024-இல்தான் ஓடியது. அந்தத் துயரத்தையும் ஷோரூம் வாசலில் ஒருவர் படும் அவமானத்தையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆயினும், 'இவன் தொடலாம், இவன் எட்ட நின்று பார்க்கலாம்' என்று கண்ணாலேயே பிரிக்கும் பழக்கம் எங்கிருந்து வந்ததென்று தேட நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

சந்தை மரபு இதற்கு நேர்மாறானது. மாடு பிடிக்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான், ஏரிலோ வண்டியிலோ பூட்டியும் பார்ப்பான். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவது அதற்குப் பிறகு. அந்தியூர்க் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு மாடுகளோடு குதிரைகளும் வருகின்றன. குதிரையின் நடையைக் காணாமல் விலை கேட்பவனை அங்கே யாரும் வாங்குபவனாக மதிக்க மாட்டார்கள். ஓட்டத்தை விற்கிறவன் ஓடிக் காட்ட வேண்டும் என்பது சந்தையின் எழுதாத சட்டம். ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டத்தைத் தவிர வேறெதையாவது விற்கிறதா என்ன? நால்வர் உட்கார முடியாது. மூட்டை முடிச்சு வைக்க இடமில்லை. ஓட்டம் ஒன்றே சரக்கு. அந்தச் சரக்கை மட்டும் காட்ட மாட்டோம் என்கிறார்கள்.

புதுவையில் இதற்கு மேலும் ஒரு நியாயம் உண்டு. இவ்வகைக் கார்களின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே நான்கைந்து அங்குலந்தான் இருக்கும். முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து கோட்டக்குப்பம் எல்லை வரை போய் வருவதற்குள் எத்தனை வேகத்தடை, எத்தனை பள்ளம் என்று இங்கு வசிப்பவர்களுக்குத் தெரியும். முன்புறத்தைச் சற்றே தூக்கிக்கொள்ளும் பொறி சில வண்டிகளில் உண்டு. அது போதுமா என்பதை விளம்பரப் புத்தகம் சொல்லாது. தாழ்ந்த இருக்கையில் ஐம்பது வயது முழங்கால் இறங்கி ஏறுமா, ஸ்டியரிங் கைக்கு எவ்வளவு கனக்கிறது, நெரிசலில் கியர் மாறும்போது வண்டி உதறுகிறதா என்பதற்கெல்லாம் ஓட்டிப் பார்ப்பதொன்றே விடை. கோடி ரூபாய்க்குச் சரக்கு வாங்குபவர் இவ்வளவு கூடக் கேட்கலாகாதா?

என் பெரியப்பா மகன் ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். புதுவை வழக்கில் சொன்னால் 'சொல்தா'. இத்தகையோர் இந்த ஊரில் பலர். 1954-இல் ஆட்சி கைமாறி, 1962-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வழிவந்தவர்கள். யூரோவில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, லுங்கியும் தோளில் துண்டுமாக டீக்கடை பெஞ்சில் நாளிதழ் படித்துக்கொண்டிருப்பார்கள். அண்ணன் ராணுவத்தில் கனரக லாரி ஓட்டியவர். இரண்டு இருக்கைக் கார் ஒன்றைச் சாவதற்குள் சொந்தமாக ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சென்னையில் ஒரு விற்பனையகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அன்று வேட்டிதான் கட்டியிருந்தார், நல்ல சலவை வேட்டி.

விற்பனை இளைஞர் கேட்ட முதல் கேள்வி, "சார் இப்ப என்ன கார் வெச்சிருக்கீங்க?" என்பது. அண்ணன் மறைக்காமல், "டிவிஎஸ் ஃபிஃப்டி" என்றார். இளைஞர் சிரிக்கவில்லை, பயிற்சி பெற்றவர். டெமோ வண்டி சர்வீசுக்குப் போயிருப்பதாகவும், வந்ததும் அழைப்பதாகவும் சொல்லித் தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டார். காபி வந்தது. அந்தக் காபியை நாங்கள் குடித்து முடிப்பதற்குள், கையில் வேறொரு பெரிய காரின் சாவியைச் சுழற்றியபடி ஒருவர் வந்தார். சர்வீசுக்குப் போயிருந்த வண்டி பின்கட்டிலிருந்து உறுமிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. அண்ணன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அந்த எண்ணுக்கு இன்றுவரை அழைப்பு வரவில்லை.

அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் மாணவர்களில் சிலர் இத்தகைய வேலைகளில் இருக்கிறார்கள். ஒருவர் சொன்னார்: வருகிறவரை மூவகையாகப் பிரித்துப் பதிவு செய்ய வேண்டும். இந்த மாதமே வாங்குபவர், சில மாதம் கழித்து வாங்கக்கூடியவர், வேடிக்கை பார்க்க வந்தவர். பிரிப்பதற்குக் கருவி என்ன என்றேன். கைக்கடிகாரம், காலணி, எந்த வண்டியில் வந்து இறங்கினார் என்பது, பேச்சில் எவ்வளவு ஆங்கிலம் கலக்கிறது என்பது. மூன்றாம் வகைக்காரருக்கு வண்டியைக் கொடுத்து ஏதேனும் கீறல் விழுந்தால் மேலாளர் கேள்வி கேட்பார். முதல் வகைக்காரர் கீறினால் கேட்க மாட்டார். இதைச் சொன்ன மாணவர் பேருந்தில் வேலைக்குப் போய் வருகிறவர். தாம் வாடிக்கையாளராக அந்தக் கதவைத் திறந்துகொண்டு போனால் தம்மையே மூன்றாம் வகையில்தான் எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

விற்பனையகத்தார் தரப்பிலும் வாதம் இருக்கிறது. டெமோ வண்டி விலை உயர்ந்தது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதன் மதிப்புக் குறைகிறது. பழக்கமில்லாத கையில் நானூறு ஐந்நூறு குதிரைத்திறன் என்பது ஆபத்து, ஓட்டுபவருக்கும் தெருவில் போகிறவருக்கும். படம் எடுத்துப் போட மட்டுமே வருகிற கூட்டமும் உண்டு. அத்தனையும் உண்மை. ஆனால் இந்தக் காரணங்களுள் எது வேட்டியைப் பார்த்து மறுக்கச் சொல்கிறது? ஆபத்துதான் காரணமென்றால் கேட்க வேண்டியது ஓட்டுநர் உரிமத்தையும் ஓட்டிய அனுபவத்தையும். இருபத்திரண்டு வயதில் தகப்பன் காசில் வருகிற பையன், முப்பது ஆண்டு கனரக வாகனம் ஓட்டியவரைவிடப் பாதுகாப்பானவன் என்று எந்தக் காப்பீட்டு நிறுவனம் சொல்லும்? சாலையில் தாறுமாறாகப் பறந்து ஆளைக் கொல்கிற கார்களைப் பற்றிய செய்திகளில் ஓட்டியவர் டிவிஎஸ் ஃபிஃப்டிக்காரர் என்று நான் படித்ததில்லை. காரணங்கள் சரியானவை, அவற்றைப் பயன்படுத்துகிற கண்தான் கோணல்.

சட்டம்கூட இவர்களைவிடப் பெருந்தன்மையாக இருக்கிறது. 1989-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளை வகுத்தபோதே, பதிவாகாத வண்டியை வணிகர் எந்தெந்தக் காரியங்களுக்கு வெளியே எடுக்கலாம் என்று சொன்ன இடத்தில், வாங்க எண்ணுபவர் ஓட்டிப் பார்ப்பதையும் ஒரு காரியமாகச் சேர்த்தார்கள். 'வாங்க எண்ணுபவர்' என்பதே சொல். 'வாங்கும் தோற்றம் உடையவர்' என்று எந்த விதியிலும் இல்லை.

இது ஸ்போர்ட்ஸ் காரோடு நிற்கிற நோயும் அன்று. 2022 ஜனவரியில் கர்நாடகத்துத் தும்கூரில் பொலேரோ பிக்கப் வாங்கப் போன விவசாயி ஒருவரை விற்பனையாளர் இழிவாகப் பேசி அனுப்பினார் என்று எழுந்த செய்தி நினைவிருக்கலாம். சற்று நேரத்தில் பத்து லட்ச ரூபாயோடு திரும்பி வந்து, இப்போது வண்டியைக் கொடு என்றார் அவர். ஆனந்த் மகிந்திரா தனிமனித மாண்பு பற்றிப் பொதுவெளியில் எழுதும் அளவுக்குப் போயிற்று. நாடே கைதட்டியது. எனக்கு அந்தக் கைதட்டலில் உடன்பாடில்லை. பத்து லட்சம் கொண்டுவர முடிந்ததால்தானே அவர் வென்றார்? அன்று அவரால் பணம் புரட்ட முடியாமல் போயிருந்தால் விற்பனையாளர் சொன்னது சரியென்று ஆகியிருக்குமா? ஆல்வார் மகாராஜா லண்டனில் ரோல்ஸ் ராய்ஸ் கடைக்காரரால் அவமதிக்கப்பட்டு, பல கார்களை வாங்கிக் குப்பை அள்ள விட்டார் என்றொரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. பாட்டியாலாவுக்கும் பரத்பூருக்கும்கூட இதே கதையைச் சொல்வார்கள், ஆகவே கதையாகவே கொள்ளலாம். அதையும் நாம் ரசித்துச் சொல்கிறோம். இரண்டு கதையிலும் பணம் பணத்தை அடையாளம் கண்டுகொள்கிறது. பணமில்லாதவனுக்கு அங்கே பாத்திரமே இல்லை.

பெருஞ்சித்திரனார் கதை வேறு. அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிப் போன புலவர் அவர். அரசன் நேரில் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். வறுமையை இவரளவுக்குப் பாடியவர் குறைவு. அப்படிப்பட்டவர் அந்தப் பொருளை வேண்டாமென்றார். புறநானூற்றின் 208-ஆம் பாட்டு. கொடுக்காததற்காக வந்த சினமன்று அது, பாராததற்காக வந்தது. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம், இவ்வளவு பசியில் இவ்வளவு வீம்பா என்று மாணவர் கேட்பார்கள். ஷோரூமில் காபியோடு உட்கார்ந்திருந்த அன்று அந்தக் கேள்விக்கான விடை எனக்குப் பக்கத்து நாற்காலியிலேயே இருந்தது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன், ஏனெனில் எரிச்சலின் வேர் இங்கேதான். 2017-இல் மலையாளத் திரையுலகத்தினர் சிலரின் சொகுசுக் கார்கள் புதுவை முகவரிகளில் பதிவாகியிருப்பதாகச் செய்தி வெளியாயிற்று. அமலா பால், ஃபகத் பாசில், சுரேஷ் கோபி ஆகியோர் பெயர்கள் அடிபட்டன. கேரளக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. அன்றைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி இங்கும் விசாரிக்கச் சொன்னார். ஃபகத் கேரளத்துக்குரிய வரியைப் பின்னர்ச் செலுத்தினார். குற்றம் யாருடையது என்பது நீதிமன்றம் பார்க்க வேண்டியது, என் பேச்சு அதுவன்று. கோடிக்கு மேல் விலையுள்ள காருக்கு அன்று கேரளத்தில் இருபது லட்சம் வரி என்றால், இங்கே இரண்டு லட்சத்துக்கும் குறைவாக இருந்தது. அதனால் எங்கள் தெருப்பெயர்களுக்கு ஒரு மதிப்பு வந்தது. ஒருவர் எங்கே வசிக்கிறாரோ, வண்டி எங்கே வழக்கமாக நிற்கிறதோ, அதை வைத்தே பதிவு என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு. எங்கள் குறுகிய சந்துகளில் ஆட்டோ திரும்புவதே பெரும்பாடு. அங்கே நிற்பதாகக் காகிதத்தில் எழுதப்பட்ட கார்களைப் பெயரளவில்கூட எவரும் பார்த்ததில்லை.

ஆக, பிஒய் 01 என்று தொடங்கும் எண்பலகையோடு கொச்சியிலும் சென்னையிலும் வண்டிகள் பறக்கும். அவற்றுக்கு வேண்டியது எங்கள் முகவரி. அந்த முகவரியில் மெய்யாகவே குடியிருக்கிற மனிதன் வேட்டி கட்டிக்கொண்டு போய்ப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கக் கேட்டால் வண்டி சர்வீசுக்குப் போய்விடும். விலாசத்துக்கு உண்டு மரியாதை, விலாசதாரருக்கு இல்லை. இந்த வணிகத்தின் உச்சியில் பார்த்தாலும் இதே காணாமைதான். 2013-இல் லாஃபெராரி என்னும் காரை ஃபெராரி 499 என்ற கணக்கில் அறிவித்து, தான் தேர்ந்தெடுத்த பழைய வாடிக்கையாளருக்கே ஒதுக்கியது. அங்கே கடை வாங்குபவரைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பழக்கத்தின் மலிவுப் பதிப்பே நம்மூர்க் கண்ணாடி மாளிகைகளில் நடப்பது.

நான் கேட்பது தானமன்று. யாருக்கு வண்டி கொடுப்போம் என்பதை எழுதி வாசலில் மாட்டுங்கள்: இன்ன வயது, இத்தனை ஆண்டு பழைய உரிமம், இவ்வளவு முன்பணம், கூட ஓர் ஊழியர், இன்ன வழி, இத்தனை கிலோமீட்டர். அதைச் சாவி சுழற்றி வருகிறவருக்கும் சொல்லுங்கள், செருப்போடு வருகிறவருக்கும் சொல்லுங்கள். முடியாதென்றால் முடியாதென்றே சொல்லுங்கள். இல்லாத சர்வீசுக்கு வண்டியை அனுப்ப வேண்டாம். செலவுதான் உறுத்துகிறதென்றால் கட்டணம் வாங்குங்கள், வாங்கினால் விலையில் கழியுங்கள். ஃபெராரியின் சொந்த ஊரான மாரனெல்லோவிலேயே தொழிற்சாலையைச் சுற்றித் தனியார் கடைகள் நிமிடக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு சுற்றுலா வருகிறவர்களுக்கு ஃபெராரி ஓட்டக் கொடுக்கின்றன. போர்ஷே நிறுவனம் லைப்சிக்கில் இதற்கென்றே ஓடுதளம் வைத்திருக்கிறது. தெருவில் ஆபத்தென்று சொல்கிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளம் சென்னைக்கு அருகிலேயே இருக்கிறது, கோவையில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. மாதம் ஒரு நாள் வாடகைக்கு எடுக்கக் கடை விளம்பரத்துக்குச் செலவிடுவதில் சிறு பங்கு போதும்.

கட்டணம் என்று அறிவித்தால் வாங்காதவர்களெல்லாம் வரிசையில் வந்து நிற்பார்களே என்று ஒரு விற்பனையக மேலாளர் என்னிடம் கவலைப்பட்டார். நிற்கட்டுமே ஐயா, காசு கொடுத்துத்தானே நிற்கிறார்கள்.