எச்சில் பாத்திரமும் விசுவாசமும்

போன மாசம் முதல் ஞாயிறு, நற்கருணை ஆராதனை. கிராதியில எனக்கு முன்னால ஒரு பெரியவர். நல்ல ஜலதோஷம். கைக்குட்டையில மூக்கைச் சிந்தினார், அதே கையில அப்பம் வாங்கினார், பாத்திரத்துல வாய் வச்சுக் குடிச்சார். ஐயர் (திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. குருவானவரை அப்படித்தான் கூப்பிடுவோம், வேற யாரையும் நினைச்சுக்காதீங்க) விளிம்பை வெள்ளைத் துணியால ஒரு துடை துடைச்சு, லேசா திருப்பி என் வாய்க்கு நேரா நீட்டினார். அந்தத் துணி அதுக்குள்ள எழுபது எண்பது பேர் எச்சிலைப் பார்த்தாச்சு. நானும் குடிச்சேன். குடிக்காம எழுந்தா, 'இவன் என்ன பாவம் பண்ணினானோ'ன்னு பின்வரிசை யோசிக்குமே!

சரி, என்னை விடுங்க. ஜலதோஷம் வந்தா நாலு நாள்ல போயிரும். எங்க சித்தி கதை வேற. சிறுநீரக மாற்று ஆபரேஷன் பண்ணினவங்க. உடம்பு புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காம இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மாத்திரையை ஆயுசுக்கும் போடணும். அடுத்தவங்க குடிச்ச தம்ளர்ல குடிக்காதீங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கார். ஐயர்கிட்ட போய், "எனக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்துல ஊத்தித் தருவீங்களா"ன்னு கேட்டிருக்காங்க. கிடைச்ச பதில்: "விசுவாசத்தோட வாங்குங்கம்மா, கர்த்தருடைய பாத்திரத்துல கிருமி வராது."

திடப்படுத்தல் எடுத்த நாள்ல இருந்து ஒரு நற்கருணைகூட விடாதவங்க. இப்போ முதல் ஞாயிறு வந்தா வீட்ல இருந்துடறாங்க.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். 2020-ல இதே சபையில என்ன நடந்தது? கொரோனா வந்ததும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கப் வந்துச்சா இல்லையா? அப்போ விசுவாசம் என்ன குவாரன்டைன்லயா இருந்துச்சு? 2022-ல பயம் போனதும் கப்பும் போச்சு, வெள்ளித் தட்டோட பாத்திரம் திரும்பி வந்தாச்சு.

தேவாலய உச்சியில இருந்து குதி, தூதர்கள் தாங்குவாங்கன்னு இயேசுகிட்ட சொன்னது யாரு? ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். லேவியராகமம் 15-ஐயும் கொஞ்சம் புரட்டிப் பாருங்க. தீட்டுள்ளவன் தொட்ட மண்பாத்திரத்தை உடைக்கணும், மரப்பாத்திரத்தைக் கழுவணும்னு சட்டம் போட்ட கடவுளுக்கு சுத்தம் பிடிக்காதா?

விஞ்ஞானம் பேசினா நேர்மையா முழுசும் பேசணும். பொதுப் பாத்திரத்தால நோய் பரவினதா நிரூபணமான சம்பவம் ஒண்ணுகூட பதிவானதில்லைன்னு அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தைச் சேர்ந்தவங்க 1998-ல எழுதினாங்க. அதனால சபையே செத்துப்போகும்னு நான் பீதி கிளப்பல. காசநோய்கூட காத்துல பரவுறது, பாத்திரத்துல இல்ல. (அதுக்கு ஜன்னலைத் திறங்க. ஏசி போட்டதுல இருந்து எங்க கோயில் ஜன்னல் திறந்து நான் பார்த்ததில்ல.) ஆனா 1967-ல இங்கிலாந்துல சோதிச்சுப் பார்த்தப்போ, வெள்ளியும் ஒயினும் அந்தக் கொஞ்ச நேரத்துல கிருமியைக் கொன்னுடாது, பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கறதாலயும் பிரயோஜனம் இல்ல, துணியால துடைச்சா கிருமி பெருமளவு குறையும், ஆனா முழுசா போகாதுன்னு தெரிஞ்சது. அது ஒயின். நம்ம சபையில கொடுக்கறது திராட்சை வத்தலைக் கொதிக்க வச்ச சாறு! 2009-ல பன்றிக்காய்ச்சல் வந்தப்போ, நமக்கு ஜெபப்புத்தகம் கொடுத்த இங்கிலாந்து திருச்சபையே பொதுப் பாத்திரத்தை நிறுத்தி வைக்கச் சொல்லுச்சு. அவங்களுக்கு விசுவாசம் இல்லையா?

எதிர்த்தரப்புல ஒரே ஒரு வாதத்துக்குத்தான் என்கிட்ட மரியாதை உண்டு. அதை எந்த ஐயரும் வாய் திறந்து சொல்ல மாட்டேங்கறார், நானே சொல்றேன். டீக்கடையில தனி தம்ளர் வச்ச ஊர் இது. 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி கூடாதுன்னு கடிதம் போட்டப்போ, தஞ்சாவூர்லயும் வேப்பேரியிலயும் எத்தனை பேர் கோவிச்சுக்கிட்டு வெளியே போனாங்கங்கறது சரித்திரம். அப்படிப்பட்ட ஊர்ல எல்லாரும் ஒரே பாத்திரத்துல வாய் வைக்கறது சாதாரண விஷயமில்ல. இன்னைக்கும் 'சுகாதாரம்'னு சொல்லி தனிக் கப் கேக்கற சிலபேர் மனசுல கிருமி பயம்தான் இருக்கான்னு எனக்கும் சந்தேகம் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், கமிட்டியிலயே இருக்காங்க.

ஆனா அசனப் பண்டிகையை யோசிச்சுப் பாருங்க. ஒரே அண்டாவுல பொங்குறோம், எல்லாரும் தரையில வரிசையா உட்காருறோம், ஆளுக்கொரு இலை. யாராவது அடுத்தவன் எச்சில் இலையில சாப்பிட்டாத்தான் ஐக்கியம்னு சொல்றோமா? ஒரே குடுவையில ஜெபிச்சு, எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கிண்ணத்துல ஊத்துங்க. பணக்காரனுக்கு வெள்ளி, மத்தவனுக்கு பிளாஸ்டிக்னு வேண்டாம். அந்தக் கிண்ணத்தையும் கோயில்பிள்ளை ஒரே வாளித் தண்ணியில முக்கி எடுக்காம, சோப்பு போட்டு வெந்நீர்ல கழுவட்டும். அப்பம் கொடுக்கிற கையும் சேர்த்துத்தான்.

அதுவரைக்கும், முடியாதவங்க அப்பம் மட்டும் வாங்கினாலும் அது முழு நற்கருணைதான்னு பீடத்துல நின்னு ஒரு வாட்டி அறிவிச்சா போதும். அரை நிமிஷம் ஆகுமா?

வர்ற கமிட்டிக்கு மனு எழுதிட்டேன். பதினோரு பேர் கையெழுத்து போட்டாச்சு. சித்தி மட்டும் போடல. "ஐயர் மனசு வருத்தப்படும்டா"ங்கறாங்க.