ஹேண்டிகேப் இறங்கும் கணக்கு

கோல்ஃபில் ஹேண்டிகேப் என்பது ஆட்டக்காரரின் திறனைச் சொல்லும் எண். எண் குறையக் குறைய ஆட்டம் தேறியிருக்கிறது என்று அர்த்தம். 2020இல் நடைமுறைக்கு வந்த உலக ஹேண்டிகேப் முறையில் இதன் உச்சம் 54. கடைசியாகப் பதிவான 20 ஆட்டங்களில் சிறந்த எட்டை மட்டும் எடுத்துச் சராசரி போடுகிறார்கள். மீதி 12 ஆட்டங்கள் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சராசரியில் சேராது.

அடித்த அடிகள் அப்படியே கணக்கில் ஏறுவதில்லை. ஒவ்வொரு மைதானத்துக்கும் கோர்ஸ் ரேட்டிங் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு எத்தனை அடி ஆகும் என்பது), ஸ்லோப் ரேட்டிங் (சாதாரண ஆட்டக்காரருக்கு அது எவ்வளவு கூடுதல் கடினம் என்பது) என்று இரண்டு அளவுகள் உண்டு. கோர்ஸ் ரேட்டிங் 70, ஸ்லோப் 120 உள்ள மைதானத்தில் ஒருவர் 95 அடிகளில் ஆட்டத்தை முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 95இல் 70 போக மிச்சம் 25. அதை 113ஆல் பெருக்கி 120ஆல் வகுத்தால் 23.5. அந்த ஆட்டத்துக்கு அவர் பெயரில் ஏறுவது இந்த எண்தான். 113 என்பது நடுத்தரக் கடினமுள்ள மைதானத்தின் ஸ்லோப். ஒரே குழியில் பத்துப் பன்னிரண்டு அடி போய்விட்டாலும் முழுவதும் ஏறாது. நெட் டபுள் போகி என்ற வரம்போடு, அதாவது அந்தக் குழிக்கு வகுத்த அடிகளோடு இரண்டும் ஹேண்டிகேப்படி கிடைக்கும் சலுகை அடிகளும் சேர்ந்த எண்ணோடு, நின்றுவிடும்.

எட்டு ஆட்டங்களின் சராசரி என்பதால், என்றோ ஒரு நாள் அபாரமாக ஆடியதில் பெரிய பலன் இல்லை. அன்றைய எண், அது வெளியே தள்ளிய பழைய எண்ணைவிட 4 குறைவாக இருந்தால் ஹேண்டிகேப் இறங்குவது அரைப் புள்ளிதான். தொடர்ந்து ஓரளவு நன்றாக ஆடுகிறவருக்கே இந்த முறை சாதகம். அது நியாயமான முறையும்கூட.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசிகளுக்குச் சென்னையின் பழைய கோல்ஃப் மைதானங்கள் தொலைவுதான். 1873இல் தொடங்கிய காஸ்மோபாலிடன் கிளப்பின் மைதானம் நந்தனத்தில் அண்ணா சாலையோரம் இருக்கிறது. 1884இல் தொடங்கிய ஜிம்கானா கிளப்பின் மைதானம் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் அமைந்தது. 2024 செப்டம்பரில் ரேஸ் கோர்ஸ் நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்து வளாகத்துக்குச் சீல் வைத்தபோது அங்கே கோல்ஃபும் சிக்கலுக்கு ஆளானது. கோயம்பேடு, வடபழனி நெரிசலைக் கடந்து போய் வரும் ஒருவருக்கு வாரத்தில் ஒரு நாள் மைதானம் கிடைத்தாலே பெரிது. ஆகவே வீட்டில் எதைச் செய்யலாம், மைதானத்தில் எதைச் செய்யலாம் என்று பிரித்துக்கொள்வது இந்தப் பக்கத்து ஆட்டக்காரருக்குக் கட்டாயம்.

அப்படிப் பிரிக்க, அடிகள் எங்கே வீணாகின்றன என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு நல்ல பாடம் இதே வட்டாரத்தின் செஸ்ஸில் கிடைக்கிறது. பாடியில் வளர்ந்த வைஷாலியும் பிரக்ஞானந்தாவும், முகப்பேர் பக்கத்து வேலம்மாள் பள்ளியில் படித்து 2024 டிசம்பரில் உலக சாம்பியனான குகேஷும் இந்தப் பகுதியின் பெருமை. நீண்ட நேரச் செஸ் போட்டியில் ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதியே ஆக வேண்டும். தோற்ற ஆட்டம் மறுநாள் பயிற்சியாளரின் மேசையில் முழுதாக இருக்கும். எந்த நகர்த்தலில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று விரல் வைத்துக் காட்டலாம். கோல்ஃப் ஸ்கோர் கார்டில் குழிக்கு ஒரு கூட்டுத்தொகை மட்டுமே இருக்கிறது. ஏழு என்று எழுதிய குழியில் எத்தனை பட்டிங் (குழியை நோக்கி உருட்டியது), எத்தனை பெனால்டி, டிரைவர் என்ற நெடுந்தூர மட்டையால் அடித்த பந்து எங்கே போனது என்பது காரில் ஏறும்போதே மறந்துவிடும். ஹேண்டிகேப்பை இறக்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது புது டிரைவர் அல்ல, ஒரு பாக்கெட் நோட்டு.

எழுதிப் பார்த்தால் பல நம்பிக்கைகள் உடையும். சிப்பிங், பட்டிங் போன்ற குறுந்தூர அடிகள் தேறினால் போதும் என்பது பரவலான அறிவுரை. அதற்குச் சாட்சியும் உண்டு. கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்தரை பராமரித்தவரின் மகனான எஸ்.எஸ்.பி. சௌராசியா, யாரிடமும் முறையாகப் பயிலாமல், பெரும்பாலும் குறுந்தூர ஆட்டத்தின் பலத்தில் 2016, 2017 இரண்டு ஆண்டும் இந்தியன் ஓபனை வென்றார். ஆனால் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி ஏராளமான ஷாட்களை ஆராய்ந்து வேறொன்றைக் கண்டார். நல்ல ஆட்டக்காரருக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் ஷாட்களில் வருகிறது. எந்தப் பங்கு தன்னுடையது என்பதை ஒருவருக்கு அவருடைய நோட்டுதான் சொல்லும்.

பயிற்சியாளரிடம் போக வேண்டியது அந்த நோட்டோடு. அதிகமானோரைப் பாடுபடுத்துவது ஸ்லைஸ்: வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவது. பந்து எந்தத் திசையில் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் மட்டை முகம் தீர்மானிக்கிறது. முகத்துக்கும் மட்டை வரும் பாதைக்கும் உள்ள கோணம் வளைவைத் தருகிறது. இது தெரியாதவர் பந்து வலப்பக்கம் போகிறதே என்று இன்னும் இடப்பக்கம் குறிவைத்து அடிப்பார். மட்டையின் பாதை மேலும் இடப்பக்கம் திரும்ப, வளைவு கூடும். நல்ல பயிற்சியாளர் முதலில் பிடியைத்தான் பார்ப்பார். மட்டையைப் பிடித்தபடி குனிந்து பார்த்தால் இடக்கையின் இரண்டு விரல் கணுக்களாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பந்தைத் தொடும் நேரத்தில் முகம் திறந்தே, அதாவது வலப்பக்கம் பார்த்தே, இருக்க வாய்ப்பு அதிகம். பிடியை மாற்றியதும் சில வாரம் ஆட்டம் கெடும். அந்த வாரங்களில் யூடியூபில் வேறொரு பயிற்சியாளரைத் தேடுகிறவர் இரண்டிலும் தேற மாட்டார்.

பட்டிங் பயிற்சிக்கு மைதானமே தேவையில்லை. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பாதி 54. மட்டை முகம் ஒரு டிகிரி விலகினால் 10 அடி தூரத்தில் பந்து ஏறத்தாழ 53 மில்லிமீட்டர் தள்ளிப் போகும். குழியின் விளிம்பில்தான் அதன் விதி. அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் கிடக்கும் ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேலைத் தரையில் வைத்து, ஒரு முனையில் பந்தை நிறுத்தி, மறுமுனைவரை விழாமல் உருட்ட வேண்டும். ஸ்கேலின் அகலம் 30 மில்லிமீட்டர் என்றால், கடைசிவரை ஓடிய பந்தின் பிழை ஒரு டிகிரிக்கும் குறைவு. தினமும் கால் மணி நேரம் இதற்குப் போதும்.

பயிற்சி ரேஞ்சில் ஒரே அயர்ன் மட்டையை வைத்து ஐம்பது பந்து அடிப்பது மனத்துக்கு இதம். ஆனால் கற்றது நிலைப்பது குறைவு. 1986இல் குட், மேகில் இருவரும் பேட்மின்டன் சர்வீஸை வைத்துச் செய்த ஆய்வில், மூன்று வகை சர்வீஸைக் கலந்து பழகியவர்கள், ஒவ்வொன்றாக முடித்துப் பழகியவர்களைவிடப் பின்னர் நடந்த சோதனையில் நன்றாக ஆடினார்கள். பந்துக்குப் பந்து மட்டையையும் இலக்கையும் மாற்றிப் பழகுவது கோல்ஃபுக்கு இன்னும் பொருத்தம். மைதானத்தில் ஒரே ஷாட்டை அடுத்தடுத்து இரண்டு முறை அடிக்கும் தருணம் அநேகமாக வருவதில்லை.

வாரம் ஒரு முறை ஆடுகிறவருக்கு 20 கார்டுகள் சேர ஐந்து மாதம் பிடிக்கும். மாதம் இரு முறை ஆடுகிறவருக்குப் பத்து மாதம். பழைய கார்டுகள் முழுதும் கழிந்து புதிய ஆட்டம் அவற்றின் இடத்துக்கு வர அவ்வளவு காலம் வேண்டும். பயிற்சியாளரையும் பிடியையும் மீண்டும் மாற்றும் யோசனையை அதுவரை தள்ளிவைக்க வேண்டும்.