ஆளில்லாத அலைவரிசைக்கு ஏன் பூட்டு?

ஒரு காலத்தில் வன்னியம்பட்டியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் மொட்டைமாடி ஆன்டெனாக்கள் வடக்கே கொடைக்கானலை நோக்கித் திரும்பியிருந்தன. தூர்தர்ஷன் கோபுரம் அங்கேதான் இருந்தது. இன்று படம் கேபிள் வழியாகவும் டிஷ் வழியாகவும் வருகிறது. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022-க்குள் நிறுத்திவிட்டது. சரி, தொலைக்காட்சிக்கென ஒதுக்கிய அலைவரிசைகளின் கதி என்ன?

மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2014-லேயே இதைக் கணக்கிட்டார்கள். 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரை தொலைக்காட்சிக்கு 15 தடங்கள் உண்டு. நாட்டில் ஏறக்குறைய எந்த இடத்திலும் அவற்றுள் 12 தடங்களாவது காலி என்று கண்டார்கள். மகாராஷ்டிரத்தின் பால்கர் பகுதிக் கிராமங்களில் அதே தடங்களில் இணையத்தை அனுப்பியும் காட்டினார்கள். அதிர்வெண் குறைந்த அலை, தோப்பையும் சுவரையும் ஓரளவு ஊடுருவி நெடுந்தூரம் போகும். வைஃபையின் 2400 மெகாஹெர்ட்ஸ் அலை அவ்வளவு தூரம் போகாது. மலையடிவாரத்து மாந்தோப்புகளுக்கு நடுவே குடியிருப்போருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

ஆகவே காலித் தடங்களைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பேன். உரிமையாளருக்கே முதல் உரிமை. அவர் பயன்படுத்தாத இடத்தில், பயன்படுத்தாத நேரத்தில், பிறர் குறைந்த ஆற்றலில் பயன்படுத்தலாம். கண்மாயில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊர்களுக்கு இது புதிய செய்தியா? ஆனால் கண்மாய் நீரை நாளைக்கென்று தேக்கலாம். அலைவரிசையைத் தேக்க முடியாது. இன்று சும்மா கிடந்தது போனது போனதுதான்.

குறுக்கீடு வராதா? கவனமில்லாவிட்டால் வரும். முதலில் கேட்டுப் பார்த்து, யாரும் பேசாவிட்டால் பேசுவது எளிய வழி. வைஃபை அப்படித்தான் செய்கிறது. அது மட்டும் இங்கே போதாது. ஒரு கருவி குன்றின் மறைவில், பள்ளத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொலைவிலுள்ள கோபுரத்தின் அலை அதற்கு எட்டாது. தடம் காலி என்று எண்ணி அது பேசத் தொடங்கும். மேட்டு வீட்டு ஆன்டெனாவோ அதே தடத்தில்தான் படம் வாங்கிக்கொண்டிருக்கும்! இதற்காகவே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மின்னணுப் பதிவேடு வைத்தார்கள். கருவி தன் இடத்தைச் சொல்லும்; அங்கே எந்தத் தடம் காலி, எவ்வளவு ஆற்றலில் பேசலாம் என்று பதிவேடு பதில் தரும்.

ஏலம் விட்டால் அரசுக்கு வருமானம் வருமே என்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 2016-இலும் 2021-இலும் ஏலத்துக்கு வைத்தபோது ஒருவரும் வாங்கவில்லை, 2022-இல்தான் விற்றது. அதே ஏலத்தில் 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையைக் கேட்பாரில்லை. வான் அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. பொதுச்சொத்தை ஆறு ஆண்டு பூட்டி வைத்ததில் யாருக்கு என்ன வருமானம்? வாங்குவோர் வரும்வரை என்ற நிபந்தனையோடு கிராமங்களுக்குத் திறந்துவிட்டிருக்கலாம். திரும்பப் பெறுவதும் கடினமன்று. பதிவேட்டில் ஒரு பதிவை மாற்றினால், கருவிகள் அடுத்த முறை கேட்கும்போது அந்தத் தடம் அவற்றுக்குக் கிடைக்காது.